மீன் கொள்முதல் சீட்டிலிருந்து மாதக் கணக்கு வரை: அலுவலகக் கணினி பயிலும் மாணவர்களுக்கு

மண்டபம், பாம்பன், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் மீன் வாங்கும் எந்தக் கடைக்குப் போனாலும் மேசைமேல் ஒரு சீட்டுக் கட்டு இருக்கும். படகு கரை சேர்ந்து, மீன் வகை பிரித்து எடை போடப்பட்டதும், யாருடைய மீன், என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று அதில் எழுதிக் கொடுப்பார்கள். வணிகத் தரவுச் செயலாக்கம் என்று பாடநூல் சொல்வது அந்தச் சீட்டில்தான் தொடங்குகிறது. சீட்டு உள்ளீடு, பெருக்குவதும் கூட்டுவதும் தொகுப்பதும் செயலாக்கம், வார முடிவில் சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) கையில் கொடுக்கும் கணக்குத் தாள் வெளியீடு, அடுத்த ஆண்டு யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருப்பது சேமிப்பு.

பதினொன்றாம் வகுப்பில் ஓபன்ஆஃபிஸ் ரைட்டரும் கால்க்கும் பயின்றவர்களுக்கும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சி.ஓ.ஏ. (அலுவலகக் கணினிச் சான்றிதழ்) தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் மென்பொருளின் கட்டளைகள் ஓரளவு தெரிந்தே இருக்கும். ஆயினும் ஒரு சீட்டுக் கட்டைக் கொடுத்து இந்த மாதக் கணக்கை எடுத்துத் தாருங்கள் என்றால் பலர் தயங்குவதைப் பார்க்கிறேன். தாளில் கிடப்பதை எந்த அமைப்பில் கணினிக்குள் கொண்டுசெல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யும் பழக்கம் இல்லாததே இதற்குக் காரணம். அந்த முடிவு சரியாக அமைந்துவிட்டால் பின்னால் வரும் சூத்திரங்கள் எளியவை. அது தவறினால் எத்தனை சூத்திரம் தெரிந்திருந்தும் பயனில்லை. கீழே சொல்பவை எக்ஸெலுக்கும் லிப்ரெஆஃபிஸ் கால்க்குக்கும் பொதுவானவை. எடுத்துக்காட்டில் வரும் விலையும் எடையும் பயிற்சிக்காக வைத்துக்கொண்ட எண்கள்.

ஒரு வரிசை என்பது எது?

கணினியைத் திறப்பதற்கு முன், கடைக்காரர் இந்தக் கணக்கிடம் என்னென்ன கேட்பார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் படகுக்கு இந்த வாரம் எவ்வளவு தர வேண்டும், எந்த மீன் எத்தனை கிலோ வாங்கினோம், கொடுத்த முன்பணத்தில் எவ்வளவு பிடித்தாயிற்று என்பவை வழக்கமான கேள்விகள். இவற்றுக்கெல்லாம் ஒரே அட்டவணை பதில் சொல்ல வேண்டுமானால், ஒரு சீட்டில் உள்ள ஒரு வகை மீனுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சீட்டில் மூன்று வகை மீன் இருந்தால் மூன்று வரிசைகள் வரும். சீட்டு எண்ணும் தேதியும் படகும் மூன்றிலும் திரும்ப எழுதப்படும்.

| சீட்டு எண் | தேதி | படகு | மீன் | எடை (கிலோ) | விலை (ரூ./கிலோ) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|---|---|
| 1041 | 05-03-2025 | ப07 | நண்டு | 42.50 | 380 | 16,150 |
| 1041 | 05-03-2025 | ப07 | கணவாய் | 18.25 | 260 | 4,745 |
| 1041 | 05-03-2025 | ப07 | காரல் | 65.00 | 30 | 1,950 |

புதிதாகப் பயில்பவர்கள் பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை. மீன் பெயர்களை மேலே நெடுவரிசைகளாக வைத்துத் தேதிகளைப் பக்கவாட்டில் இறக்குவார்கள். அல்லது நாளுக்கு ஒரு தாள் என்று மாதத்துக்கு முப்பது தாள்களைத் திறப்பார்கள். பார்க்க நேர்த்தியாகவே இருக்கும். ஆனால் புதிதாக ஒரு வகை மீன் வந்தால் நெடுவரிசையைக் கூட்டி எல்லாச் சூத்திரங்களையும் திருத்த வேண்டியிருக்கும். ஒரே நாளில் ஒரே படகு இரண்டு முறை மீன் கொடுத்தால் இரண்டாவதை எழுத இடமே இருக்காது. முப்பது தாள்களில் ஒரு படகின் கணக்கைத் தேடுவது பேரேட்டில் தேடுவதைவிடக் கடினம். அந்த நேர்த்தியான வடிவம் அறிக்கைக்கு உரியது, அறிக்கையை அட்டவணையிலிருந்து கணினியே உருவாக்கித் தரும். எனவே பதிவு செய்யும் அட்டவணை நீளமாகவும் ஒரே மாதிரியாகவும் இருப்பதே முறை. எக்ஸெலின் ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. இடம் போதாது என்ற கவலை எந்தக் கடைக்கும் வராது.

அட்டவணைக்கு நடுவே வெற்று வரிசை விடுவதையும், வாரத்துக்கு ஒரு கூட்டுத்தொகை வரிசையைச் செருகுவதையும், அழகுக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைப்பதையும் அறவே தவிர்க்கவும். வரிசைப்படுத்தும்போதும் வடிகட்டும்போதும் இவை மூன்றும் தொல்லை தரும். இடையில் செருகிய கூட்டுத்தொகை மறுபடியும் கூட்டப்பட்டு மாதக் கணக்கையே இரட்டிப்பாக்கிவிடும்.

மூலப் பட்டியல்கள்

பெயர்களை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யக் கூடாது. இந்தக் கரையில் சீலா என்பதைச் சென்னை வியாபாரி வஞ்சிரம் என்பார், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன் என்பார்கள். சாளையும் மத்தியும் ஒன்றே. நெத்திலியை நெத்தலி என்று எழுதுபவர்களும் உண்டு. மனிதருக்கு இவை ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல்தான்: இராமேஸ்வரம், ராமேஸ்வரம், இராமேசுவரம் என்று மூன்று விதமாகப் பதிந்தால் மூன்று ஊர்களாகவே அறிக்கையில் வரும்.

தமிழில் பதிவதற்கென்றே ஒரு கூடுதல் ஆபத்தும் இருக்கிறது. தொண்டி என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் பதிய முடியும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. தமிழக அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் தட்டினால் உயிர்க்குறி ஒரே குறியாக விழும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே வெட்டி ஒட்டினாலோ எழுத்தே மாறிவிடும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

இவற்றுக்கு மருந்து குறியீடு. படகுகளுக்கு ஒரு தாள், மீன் வகைகளுக்கு ஒரு தாள் என்று இரண்டு மூலப் பட்டியல்களை அமைத்து, ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரே ஒரு குறியீடு கொடுங்கள். படகுப் பட்டியலில் பதிவு எண், சம்மாட்டியின் பெயர், கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இருக்கும். பதிவு அட்டவணையில் குறியீட்டை மட்டும் எழுதினால் போதும். (மேலே உள்ள மாதிரியில் மீன் பெயரை முழுதாக எழுதியது வாசிப்பு எளிமைக்காக.) டேட்டா வேலிடேஷன் என்ற வசதியைப் பயன்படுத்தி, பட்டியலில் இல்லாத குறியீட்டைக் கட்டம் ஏற்காதபடி செய்துவிடலாம். எடைக் கட்டத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். பூச்சியத்துக்கு மேலும், ஒரு படகிலிருந்து ஒரே வகையில் வரக்கூடிய அதிகபட்ச எடைக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அந்த வரம்பு. அந்த அதிகபட்சம் எவ்வளவு என்பதைக் கடையில் எடை போடுபவரிடம்தான் கேட்க வேண்டும்.

குறியீட்டுக்கு உரிய பெயரை விலுக்அப் சார்பு எடுத்துத் தரும். அதன் நான்காவது இடத்தில் பூச்சியத்தைக் கொடுக்க மறக்கக் கூடாது. அந்த இடத்தை விட்டுவிட்டால் சார்பு தோராயமான பொருத்தத்தைத் தேடும். பட்டியல் அகர வரிசையில் இல்லாதபோது எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் வேறொருவர் பெயரை எடுத்து வைத்துவிடும். பணம் தவறான கணக்குக்குப் போவதற்கு இதைவிட எளிய வழி வேறு இல்லை.

எண்ணும் எழுத்தும் தேதியும்

கட்டத்தில் 42.5 கிலோ என்று எழுதினால் அது எழுத்து, 42.5 என்று மட்டும் எழுதினால்தான் எண். அலகைத் தலைப்பில் எழுதுங்கள். அடையாளம் எளிது: வடிவமைப்பு எதுவும் மாற்றாதவரை எண் கட்டத்தின் வலப்புறம் ஒட்டும், எழுத்து இடப்புறம் ஒட்டும். நெடுவரிசையை அப்படியே ஒருமுறை கண்ணால் ஓட்டினாலே எழுத்தாகிப்போன எண்கள் தனித்துத் தெரியும்.

எண்களாலேயே ஆனாலும் கணக்கிடப் பயன்படாதவற்றை எழுத்தாகவே வைக்க வேண்டும். சரக்கு சேவை வரிக்கான எச்.எஸ்.என். குறியீடுகளில் குளிர்வித்த மீன் 0302, உலர்த்திய மீனும் கருவாடும் 0305, இறாலும் நண்டும் 0306, கணவாய் 0307. இவற்றை எண்ணாகப் பதிந்தால் முன்னால் உள்ள பூச்சியம் மறைந்து 302 என்று நிற்கும். பன்னிரண்டு இலக்க ஆதார் எண் அறிவியல் குறியீட்டில் சுருங்கிவிடும். வங்கிக் கணக்கு எண் இன்னும் அபாயம்: எக்ஸெல் 15 இலக்கங்கள் வரை மட்டுமே எண்ணைத் துல்லியமாக வைத்திருக்கும், 16ஆவது இலக்கத்தைப் பூச்சியமாக மாற்றிவிடும், பிறகு வடிவமைப்பை எப்படி மாற்றினாலும் பழைய இலக்கம் திரும்பாது. ஆகவே தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 இடங்கள் கொண்டது. ஐந்தாவது இடத்தில் இருப்பது பூச்சியம், ஆங்கில ஓ எழுத்து அன்று.

தேதிதான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது. எக்ஸெல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது: 1900 ஜனவரி 1ஆம் தேதி 1, 2025 ஏப்ரல் 15ஆம் தேதி 45762. இதனால்தான் தேதியிலிருந்து தேதியைக் கழிக்க முடிகிறது. நம் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் என்று அனைவரும் அறிவோம்; ஆனால் ஜூன் 14இலிருந்து ஏப்ரல் 15ஐக் கணினியில் கழித்தால் 60தான் வரும். முதல் நாளையும் சேர்த்து எண்ண வேண்டிய இடத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வட்டிக்கும் வாடகைக்கும் நாள் கணக்கிடும்போதும் இதே கவனம் தேவை.

கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், மார்ச் 5ஆம் தேதிக்காக நீங்கள் அடிக்கும் 5/3 என்பது மே 3 ஆகிவிடும். மார்ச் 15க்காக அடிக்கும் 15/3 தேதியாகவே மாறாமல் எழுத்தாக இடப்புறம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்புறமும் சில இடப்புறமும் நின்றால் இந்தக் கோளாறு நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். வேலையைத் தொடங்கும்போதே வட்டாரத்தை இந்தியா என்று மாற்றிவிடுவது நல்லது. அத்துடன் ஓர் உள்ளூர்ச் சோதனையும் செய்யலாம். விசைப்படகு ஒன்றின் பெயரில் மே மாதத்தில் கொள்முதல் பதிவாகியிருந்தால் அது பெரும்பாலும் நாளும் மாதமும் இடம் மாறிய பிழை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அதன் பதிவுகளை இந்தச் சோதனையிலிருந்து விலக்க வேண்டும். பதிவு எண்ணிலேயே விசைப்படகுக்கு எம்.எம். என்ற எழுத்துகள் இருப்பதால் அவற்றை வடிகட்டுவது கடினமில்லை. தொழிலை அறிந்தவர் கண்டுபிடிக்கும் இத்தகைய பிழைகளை எந்த மென்பொருளும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை.

கட்டுக் கூட்டு

பதிந்தது சரியா என்று திரையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்ப்பது அலுப்பூட்டும் வேலை. அலுப்பில் பிழை தப்பும். இதற்குப் பழைய தரவு மையங்களில் கையாண்ட ஒரு முறையே இன்றும் சிறந்தது. அன்றைய சீட்டுகளை ஒரு கட்டாகக் கட்டி, பதிவதற்கு முன்னரே கால்குலேட்டரில் மொத்த எடையைக் கூட்டி மேல்தாளில் எழுதிவிட வேண்டும். பதிந்து முடித்ததும் அட்டவணையின் எடைக் கூட்டுத்தொகை அதனுடன் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தத்தைக் கூட்டியவரும் தட்டச்சு செய்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் மேலும் நல்லது.

பொருந்தாவிட்டால் வித்தியாசமே பிழையைக் காட்டிக்கொடுக்கும். மேலே உள்ள மூன்று வரிசைகளின் எடை 125.75 கிலோ. திரையில் 116.75 வந்தால் வித்தியாசம் 9. ஒன்பதால் மீதமின்றி வகுபடும் வித்தியாசம் வந்தால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே 65 என்பது 56 ஆகியிருக்கிறது. திரையில் 508.25 வந்தால் வித்தியாசம் 382.50, அதை ஒன்பதால் வகுத்தால் 42.5 கிடைக்கிறது. 42.5 என்ற எடை புள்ளி விடுபட்டு 425 ஆகப் பதிவாகியிருக்கிறது என்பது உடனே தெரிகிறது. வித்தியாசம் அப்படியே ஏதாவதொரு சீட்டின் எடையாக இருந்தால் அந்தச் சீட்டு விடுபட்டிருக்கிறது, அல்லது இருமுறை பதிவாகியிருக்கிறது.

எடை பொருந்துவதால் விலையும் சரி என்று ஆகிவிடாது. எனவே தொகைக்கும் ஒரு கட்டுக் கூட்டு வைக்க வேண்டும். படகுக் குறியீட்டில் உள்ள எண்களைக்கூடக் கூட்டிப் பார்ப்பார்கள். 7உம் 12உம் 9உம் சேர்ந்து 28 என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை, ஆனால் ஒரு படகுக்குப் பதிலாக வேறொன்று பதிவானால் அது உடனே மாறும்.

சீட்டுகள் வரிசை எண் அச்சிட்டவையாக இருப்பது அவசியம். கிழித்துப் போட்ட சீட்டையும் அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேர்த்து, எடையைப் பூச்சியமாக்கிக் குறிப்பில் ரத்து என்று எழுதுங்கள். அப்போதுதான் எண் விடுபட்டால் சீட்டு தொலைந்தது என்று பொருளாகும். ஐஸ் நீரில் நனையும் மேசை என்பதால், எழுதுபவரிடம் மைப் பேனாவைத் தவிர்த்துப் பந்துமுனைப் பேனா பயன்படுத்தச் சொல்வதும் தரவுச் செயலாக்கத்தின் ஒரு பகுதியே.

கணக்கிடுதல்

தொகை என்பது எடையை விலையால் பெருக்குவது; அதில் சொல்ல ஒன்றுமில்லை. காசுகளை முழு ரூபாயாக்குவதில்தான் சச்சரவு வரும். 27.35 கிலோவைக் கிலோ 185 ரூபாய்க்கு வாங்கினால் 5,059.75 ரூபாய். தசமத்தை மறைக்கும்படி கட்டத்தை வடிவமைத்தால் 5,060 என்று தெரியும், உள்ளே 5,059.75தான் இருக்கும். இப்படி மூன்று வரிசைகள் இருந்தால் கணினி காட்டும் கூட்டுத்தொகை 15,179; அச்சிட்ட தாளை வாங்கிக் கையால் கூட்டும் சம்மாட்டிக்கு வருவது 15,180. ஒரு ரூபாய்தான், ஆனால் கணக்கில் நம்பிக்கை போய்விடும். ஒவ்வொரு வரிசையிலும் ரவுண்ட் சார்பால் முழுமையாக்கிவிட்டால் திரையில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகும். வரிசைதோறும் முழுமையாக்குவதா, மொத்தத்தில் மட்டுமா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யட்டும்; நீங்கள் ஒரே முறையைக் கடைசி வரை பின்பற்றினால் போதும். மேலுள்ள சீட்டின் மொத்தம் 22,845 ரூபாய். முன்பணத்துக்கு நூற்றுக்குப் பத்து பிடித்தால் 2,284.50, முழுமையாக்கினால் 2,285. கையில் தர வேண்டியது 20,560.

ஒரு படகின் வார மொத்தத்தை எடுக்க, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் சார்பில் படகுக் குறியீட்டையும் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் நிபந்தனைகளாகக் கொடுக்க வேண்டும். மீன்வாரியாகவும் மாதவாரியாகவும் ஒரே பார்வையில் வேண்டுமானால் அட்டவணையைத் தொகுத்துத் தரும் பிவட் டேபிள் போதும்: மீனை வரிசைக்கும் மாதத்தை நெடுவரிசைக்கும் எடையை நடுவிலும் இழுத்துவிட்டால், தொடக்கத்தில் சிலர் கையால் கட்ட முயன்ற அந்த நேர்த்தியான வடிவம் சில நொடிகளில் கிடைக்கும். புதிய வரிசைகளைச் சேர்த்த பிறகு அதைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று எண்ணி நேற்றைய கணக்கை இன்று அச்சிடுவது வழக்கமாக நடப்பது. அறிக்கையில் உள்ள எண்ணை ஒருபோதும் நேரடியாகத் திருத்தாதீர்கள். பிழை அட்டவணையில் இருக்கிறது, அங்கே திருத்திவிட்டுப் புதுப்பித்தால் அறிக்கை சரியாகும்.

தாளும் கோப்பும்

ஒவ்வொரு சம்மாட்டிக்கும் தனித்தனிக் கணக்குத் தாள் தருவதற்கு வேர்டிலோ ரைட்டரிலோ மெயில் மெர்ஜ் செய்யலாம். வார மொத்தங்களைத் தனித் தாளாக எடுத்து, ஒரு படகுக்கு ஒரு வரிசை என்று வைத்து, கடித மாதிரியில் பெயர், தொகை, பிடித்தம் ஆகிய இடங்களைக் குறித்தால் எல்லாத் தாள்களும் ஒரே முறையில் தயாராகும். தேதி அமெரிக்க முறைக்கு மாறியிருக்கிறதா என்று முதல் இரண்டு தாள்களை மட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை அச்சிடுங்கள்.

கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்கி 2025-03-கொள்முதல் என்று வைத்தால் கோப்புறையில் தானாகவே கால வரிசையில் நிற்கும். இறுதி, புதிய இறுதி, உண்மையான இறுதி என்று பெயர் வைப்பவர்களுக்கு ஆறு மாதம் கழித்து எது இறுதி என்று தெரியாது. நகல்கள் மூன்று இருக்க வேண்டும், இரண்டு வேறுபட்ட ஊடகங்களில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதே மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவ் வேறு இடத்துக் கணக்கில் சேராது. வடகிழக்குப் பருவமழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்தால் கணினியும் அதுவும் சேர்ந்தே நனையும். மாதத்துக்கு ஒருமுறை நகலைத் திறந்தும் பாருங்கள், திறக்காத நகலை நகல் என்று நம்புவதற்கில்லை. கணினியைக் கடலைப் பார்த்த சன்னலுக்கு அருகில் வைக்க வேண்டாம். உப்புக் காற்று மின்முனைகளை அரிக்கும்.

படகுப் பட்டியலில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் இருப்பதால் அந்தத் தாளைத் தனிக் கோப்பாக வைத்துக் கடவுச்சொல் இட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கணக்கைப் பகிரும் வழக்கம் பெருகிவிட்டது. வார மொத்தத்தை பி.டி.எஃப். ஆக மாற்றி உரியவருக்கு மட்டும் அனுப்புவதே தகும்.

பயிற்சிக்கு வெளியே தேட வேண்டியதில்லை. வீட்டிலோ உறவினர் கடையிலோ கிடக்கும் பழைய சீட்டுக் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மீன் இல்லாவிட்டால் கருப்பட்டியோ முண்டு மிளகாயோ விற்ற சீட்டும் இதே வேலைக்கு உதவும். முதலில் கால்குலேட்டரில் கட்டுக் கூட்டை எடுத்து மேல்தாளில் எழுதி மடித்து வையுங்கள். மூலப் பட்டியல்களை அமைத்து, சீட்டுகளைப் பதிந்து, பிறகு அந்தத் தாளைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு எண்களும் பொருந்திய பின்னரே பிவட் டேபிளைத் தொடுங்கள்.